முதலில் அந்த போனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்

கேள்வி: என் அக்கா மகளுக்கு 16 வயது, ப்ளஸ் ஒன் படிக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன்பு அவள் கையில் காயத் தழும்புகளைப் பார்த்துவிட்டு அக்கா அவளுடைய போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். கூடப் படிக்கும் பெண்ணும் இவளும் காதலிப்பது தெரியவந்தது. போனைப் பிடுங்கி வைத்தாயிற்று. டிசி வாங்கப் போகிறார்கள். மந்திரிக்கக் கூட்டிப் போகலாம் என்கிறார் பாட்டி. 'இதையெல்லாம் மாற்றிவிடும்' டாக்டர் ஒருவரை வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இது வயசுக் கோளாறா? இந்தப் பழக்கத்தால்தான் கையைக் காயப்படுத்திக்கொண்டாளா? என்னிடம் மட்டும் கொஞ்சம் பேசுவாள். நான் என்ன செய்வது?

'என்னிடம் மட்டும் கொஞ்சம் பேசுவாள்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியைப் படித்து வந்தபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது அந்த வரியில்தான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவுன்சிலராகப் 19 வருடம் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த மாதிரி வீடுகளில் எல்லாம் அந்த ஒரு ஆளைச் சுற்றித்தான் நடக்கும். இப்போதைக்கு அந்த ஆள் நீங்கள்.

காரணம், விளக்கம் எல்லாம் அப்புறம். இன்றைக்கோ நாளைக்கோ நேரில் போங்கள். மொட்டை மாடியோ, கடைக்கு நடந்து போகும் வழியோ, நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் இடமாகப் பார்த்து நேராகவே கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதாடா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் பாரம் இறங்கத்தான் செய்கிறது. 'ஆமாம்' என்றால் பதறாமல் அடுத்ததையும் கேளுங்கள்: எப்போது, என்ன செய்வது என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாளா? இருந்தால் அவளைத் தனியாக விடாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று யாராவது தடுப்பார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. ராத்திரி நேரமாக இருந்து என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. குழந்தைகளுக்கான 1098 எண்ணையும் அவளுக்குத் தெரியும்படி வையுங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், தோட்டத்துக்கு வாங்கிய மருந்து எதுவாக இருந்தாலும் இந்த வாரமே பூட்டுக்குள் போகட்டும். காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. காதலால்தான் காயமா?

பிரிட்டனில் 2000ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வரும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு 14 வயதானபோது, கடந்த ஒரு வருடத்தில் தங்களைத் தாங்களே காயப்படுத்திக்கொண்டீர்களா என்று கேட்டார்கள். பையன்களில் 9 சதவீதமும் பெண் பிள்ளைகளில் 22 சதவீதமும் ஆம் என்றார்கள். தன் பாலினத்தவர் மீதோ இருபாலர் மீதுமோ ஈர்ப்பு உண்டு என்று சொன்ன பிள்ளைகளில் 46 சதவீதம். அமெரிக்க அரசு பள்ளி மாணவர்களிடம் 2021இல் எடுத்த கணக்கில், இப்படிப்பட்ட பிள்ளைகளில் 45 சதவீதம் பேர் அந்த ஒரு வருடத்துக்குள் தற்கொலையைத் தீவிரமாக யோசித்திருக்கிறார்கள். 22 சதவீதம் பேர் முயன்றும் இருக்கிறார்கள். உங்கள் அக்கா மகள் பெண், அதோடு தன்பாலீர்ப்பும் உள்ளவள். இரண்டு கணக்கிலும் மேலே இருக்கும் கூட்டத்தில் அவள் இருக்கிறாள். பெண்கள்மீதும் ஆண்கள்மீதும் ஈர்ப்புள்ள பெண் பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. அவர்களை இந்தப் பக்கமும் நம்புவதில்லை, அந்தப் பக்கமும் நம்புவதில்லை.

இதைப் படித்ததும் அக்கா 'பாத்தியா, அந்தப் பழக்கம்தான் காரணம்' என்பார். அங்கேதான் இன்னொரு கணக்கைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் சில மாநிலங்கள் தன்பாலினத் திருமணத்தை முன்கூட்டியே அனுமதித்தன, சில மாநிலங்கள் தாமதித்தன. 1999 முதல் 2015 வரையிலான பள்ளி மாணவர்களின் கணக்கை வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2017இல் ஒரு ஆய்வு வந்தது. சட்டம் வந்த மாநிலங்களில் மாணவர்களின் தற்கொலை முயற்சி ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்திருந்தது. குறைந்தது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகளிடம்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் கல்யாணம் செய்துகொள்ளப் போகவில்லை. ஈர்ப்பும் அதேதான். வெளியே காற்று கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான். இலன் மேயர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2003இல் இதைத் தெளிவாக எழுதினார்: கேலி, ஒதுக்கல், எப்போது மாட்டிக்கொள்வோமோ என்ற பயம், ஊர் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத் தன்னையே அருவருத்துக்கொள்வது, எல்லாவற்றையும் மறைத்தபடியே சிரித்துப் பேசுவது. இவை ஒரு நாளைக்கு ஒரு கல்லாக முதுகில் ஏறுகின்றன. வெளியே தெரியும் காயம் அந்தப் பாரத்தின் கணக்கு.

கையைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஸ்டாஃப் ரூமில் நான் அதிகம் கேட்ட வார்த்தை 'சீன் போடுறா'. சீன் போடுகிற பிள்ளை ஏப்ரல் வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வராது. பெரும்பாலும் 12, 14 வயதில் தொடங்கும் இது, தாங்க முடியாத உணர்ச்சியைச் சில நிமிஷம் அடக்கிவைக்க அந்தப் பிள்ளை கண்டுபிடித்த மட்டமான வழி. வழி மட்டமானது, வேதனை உண்மையானது. சாக வேண்டும் என்று செய்வது இதிலிருந்து வேறு. ஆனாலும் இதைச் செய்யும் பிள்ளைக்குப் பிற்பாடு அந்த ஆபத்தும் கூடுகிறது, அதனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. 'இனிமே செய்ய மாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்று தலையில் கைவைக்கச் சொல்லாதீர்கள். சத்தியம் மீறியதும் அவள் உங்களிடமும் மறைக்க ஆரம்பித்துவிடுவாள். தினமும் கையை நீட்டச் சொல்லிச் சோதிப்பதும் அப்படித்தான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நம் வீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. ஒரு பையனோடு பைக்கில் போனால் தெருமுனை வருவதற்குள் தகவல் வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு பெண்கள் ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே போர்வையில் தூங்கலாம், ஒருத்திக்கு மற்றவள் தலை பின்னிவிடலாம். 'அவங்க ரெண்டு பேரும் உடன்பிறப்பு மாதிரி' என்று அம்மாக்களே பெருமையாகச் சொல்வார்கள். யாருமே பார்க்காததால் அவர்களுக்குப் பெரிய சுதந்திரம். தெரிந்த அன்றைக்கு எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் சாத்தப்படும்: போன், பள்ளி, ட்யூஷன், தோழி, எல்லாம். ஆண் பிள்ளைக்கு வெளியூர் காலேஜ், வேலை என்று ஓடிப்போக ஒரு சந்து இருக்கும். இவளுக்கு முன்னால் இருப்பது பிளஸ் டூ முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு. என் அனுபவத்தில் மிக மோசமான நாட்கள் காதலித்த நாட்களில் வரவில்லை. தெரிந்துபோன பிறகு வந்த முதல் சில வாரங்களில்தான் வந்தன. நீங்கள் எழுதும் இந்த நேரம் அதுதான்.

அந்தப் பிள்ளை துக்கத்தில் இருக்கிறாள் என்பதையும் யாரும் கவனிப்பதில்லை. ஒரு பையனைப் பிரிந்திருந்தால் 'லவ் ஃபெயிலியர்' என்று சொல்ல ஒரு வார்த்தை இருக்கும், நண்பிகள் சுற்றி உட்கார்ந்து திட்டித் தீர்ப்பார்கள். அகப்பாடல்களில் தலைவிக்கு எவ்வளவு துயரம் வந்தாலும் சொல்லி அழ ஒரு தோழி இருக்கிறாள். இவளுக்குத் தோழியே காதலியாகிப் போனாள். அவளையும் பிடுங்கிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வாள்?

பாட்டியின் மந்திரிப்பும் புதிதல்ல. மகள் மெலிகிறாள், வளை கழல்கிறது, ஏதோ தெய்வம் பிடித்துவிட்டது என்று முருகன் பூசாரியான வேலனை வரவழைத்து வெறியாட்டு என்ற சாமியாட்டம் நடத்திய தாய்களைச் சங்கப் பாடல்களிலேயே பார்க்கலாம். காதல் நோய்க்கு ஆட்டை அறுத்தால் தீருமா என்று தோழி கேட்பாள். பிறகு உண்மையை வளர்ப்புத் தாயான செவிலியிடம் எடுத்துச் சொல்வாள். அதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர். தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்த அந்தச் சொல்லுக்கு எனக்கு அர்த்தம் புரிந்தது இந்த வேலைக்கு வந்த பிறகுதான்.

புரிவதற்கு முன்னால் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பி.டி. பீரியடில் கைச்சட்டையை மடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் என்னிடம் அனுப்பப்பட்டாள். நான்காவது நாள்தான் வாயைத் திறந்தாள். காயத்தைப் பற்றிச் சொன்னாள், ஒரு பெண்ணைப் பற்றியும் சொன்னாள். அன்று மாலையே அம்மாவைக் கூப்பிட்டு இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னேன். கடமையைச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மறுநாள் அவள் வரவில்லை. மூன்று வாரம் கழித்து மாமா ஒருவர் வந்து டிசி வாங்கிப் போனார். மேஜைமேல் அவள் வைத்துவிட்டுப் போன பென்சில் பாக்ஸை அவரிடம் கொடுத்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உயிருக்கு ஆபத்தானதைப் பெற்றோரிடம் சொல்லியே ஆக வேண்டும், அதில் மறுபேச்சில்லை. யாரைக் காதலிக்கிறாள் என்பது அவள் சொல்ல வேண்டிய செய்தி, எனக்குச் சொந்தமானதல்ல. இன்னும் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் வீட்டில் அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, அக்காவுக்கு எல்லாம் தெரியும். மற்ற சொந்தக்காரர்களுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டிக்குத் தெரிந்ததே போதும்.

வயசுக் கோளாறா என்ற கேள்விக்கு வருகிறேன். 16 வயதில் வரும் ஈர்ப்பு சிலருக்கு மாறும், சிலருக்கு அப்படியே இருக்கும். அவளுக்கு எது என்பது அவளுக்கே போகப்போகத்தான் தெரியும். இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டிய எதுவும் அந்தப் பதிலைப் பொறுத்து மாறப்போவதில்லை. நோயா என்றால், இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோய் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

ஆகவே அந்த 'மாற்றிவிடும்' டாக்டர் வேண்டாம். இதை நான் என் கருத்தாக மட்டும் சொல்லவில்லை. 2021இல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டுச் சென்னை வந்து, பெற்றோர் போலீஸில் புகார் கொடுத்து, வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் கவுன்சிலிங்குக்கு அனுப்பினார். தனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் தானும் போய் உட்கார்ந்தார். நீதிமன்றத்தில் இப்படி ஒன்றை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அந்த ஆண்டு ஜூன் 7 அன்று வந்த உத்தரவில், ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சையைத் தடைசெய்யச் சொன்னார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை தருவது மருத்துவர்கள் செய்யும் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. நல்ல டாக்டரா என்று கண்டுபிடிக்க அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள்: "பொண்ணு மனச்சோர்வில இருக்கா, கையைக் காயப்படுத்திக்கிறா, அவளுக்குப் பெண்கள்மேல ஈர்ப்பு. நீங்க எதுக்கு வைத்தியம் பாப்பீங்க?" முதல் இரண்டுக்கு என்றால் போங்கள். மூன்றாவதுக்கும் என்றால் போனை வைத்துவிடுங்கள். சென்னையில் இப்படிப்பட்டவர்களுக்காக இயங்கும் 'ஓரினம்' போன்ற குழுக்கள் 20 வருடத்துக்கும் மேலாக இருக்கின்றன. நம்பிப் போகக்கூடிய மருத்துவர்கள் யார் என்று அவர்களைக் கேட்கலாம், அக்கா மாதிரித் தவிக்கும் அம்மாக்களையும் அங்கே பார்க்கலாம். கேரளத்தில் 'சகயாத்ரிகா' என்ற அமைப்பு 2002இல் தொடங்கியதன் பின்னணியில், ஒருவரையொருவர் காதலித்த பெண்களின் தற்கொலைச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்ததும் ஒன்று.

மனச்சோர்வுக்கும் இந்தக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்துக்கும் நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. அதில் பேர்போன ஒன்றை, டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்பார்கள், உருவாக்கியவர் மார்ஷா லைன்ஹன். இவர் 17 வயதில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டதால் இரண்டு வருடத்துக்கு மேல் மனநல மருத்துவமனையில் இருந்தவர். இதை அவர் வெளியே சொன்னது 2011இல், கிட்டத்தட்ட எழுபது வயதில். உங்கள் அக்கா மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். என்னிடம் வந்த பிள்ளைகளில் சிலர் இதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அக்கா. அவளும் பயந்துபோயிருக்கிறாள். தன் வளர்ப்பில் தப்பா, மாமியார் என்ன சொல்வார், நாளைக்குச் சின்னவளுக்கு யார் பெண் கேட்டு வருவார்கள். இதெல்லாம் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். உபதேசம் பண்ணாதீர்கள். ஒரே ஒரு ஆய்வைச் சொல்லுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் கேட்லின் ரயன் என்பவர் குழுவோடு சேர்ந்து 224 இளைஞர்களிடம் வீட்டார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்டு 2009இல் வெளியிட்டது. வீட்டில் கடுமையாக ஒதுக்கப்பட்டவர்கள், ஒதுக்கல் இல்லாத அல்லது மிகக் குறைந்த வீட்டுப் பிள்ளைகளைவிட 8.4 மடங்கு அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். ஒதுக்குவது என்றால் அடிப்பது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். நண்பர்களைப் பார்க்கவிடாமல் தடுப்பது, மாற்றச் சொல்லி நெருக்குவது, குடும்பத்துக்கே அவமானம் என்பது, விசேஷத்துக்குக் கூட்டிப்போகாமல் விடுவது எல்லாம் அதே பட்டியலில் இருக்கிறது. அக்காவுக்கு உதவக்கூடிய சேதி ஒன்றும் அதே ஆய்வில் இருக்கிறது: வீட்டு எதிர்ப்பு ஓரளவு மட்டுமே இருந்த பிள்ளைகளிடம் இந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. அக்கா நாளைக்கே மனம் மாறி இதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. திட்டுவதை நிறுத்தினாலே பெரிய வித்தியாசம். "எனக்கு இது பிடிக்கலை, புரியவும் இல்லை. ஆனா நீ எனக்கு வேணும்" என்று அவள் சொன்னால் போதும், உண்மையைத்தான் சொன்னதாகவும் இருக்கும்.

அப்புறம் அந்த போன். அக்காவின் கண்ணில் அது நோயின் வேர். பிள்ளைக்கு அது ராத்திரி இரண்டு மணிக்குப் பேச ஆள் கிடைக்கும் ஒரே இடம், ஹெல்ப்லைன் எண்ணை அழுத்தக்கூடிய ஒரே பொருள். பாஸ்வேர்டு கேட்டுச் சண்டை போடாமல் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாலில் சார்ஜ் போட வேண்டும் என்ற மாதிரி ஒரு சாதாரண விதி வேண்டுமானால் இருக்கட்டும், அதுவும் வீட்டில் எல்லாருக்கும். அந்தப் பெண்ணோடு பேசுவதை முற்றாகத் தடுக்காதீர்கள். அங்கேயும் ஒரு பிள்ளை இதே நிலையில் உட்கார்ந்திருக்கும். டிசி விஷயத்தை இந்தப் பரீட்சை முடியும்வரை தள்ளிப்போடச் சொல்லுங்கள். தள்ளிப்போட்ட டிசிகள் பல அப்புறம் வாங்கப்படுவதே இல்லை. மனநல மருத்துவரிடம் போக அவள் வயதுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதனால் அக்காவோடு முறித்துக்கொள்ளாதீர்கள், எவ்வளவு கோபம் வந்தாலும்.

அவளிடம் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேளுங்கள். பெயர் என்ன, எந்த பெஞ்ச், எதற்கெல்லாம் சிரிப்பாள். இரண்டு வாரமாக அந்தப் பெயரை யாரும் அந்த வீட்டில் திட்டாமல் உச்சரித்திருக்க மாட்டார்கள். முதலில் சந்தேகமாகப் பார்ப்பாள், அம்மா அனுப்பிய ஒற்றரோ என்று. காத்திருங்கள். கிளம்பும்போது அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள், அந்தக் கிழமை தவறாமல் போங்கள்.